காற்றில் விட்டதை ஆற்றில் விட்ட கதை

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த எவரும் சொல்வே முறையின் படத்தை ஒருமுறையாவது கீறியிருப்பார்கள். ஒரு கோபுரம். மேலிருந்து அமோனியா கரைந்த உப்புக் கரைசல் இறங்கும். கீழிருந்து காபனீரொட்சைட்டு ஏறும். அடியில் சோடியம் இருகாபனேற்று படியும். அம்புக்குறி போட்டு, நாலு சமன்பாடும் எழுதினால் புள்ளி கிடைக்கும். "ஏன் முதலில் அமோனியா, பிறகு காபனீரொட்சைட்டு?" என்டு கேட்டால் அதுக்கும் ஒரு வரியில விடை இருக்கு. நாங்களும் அப்பிடித்தான் பாடமாக்கினோம். அந்தப் படத்துக்கு முன்னால் நாற்பது வருசப் புகையும், பட்டுப்போன மரங்களும், பல்லுப் போன தொழிலாளரும் இருந்தார்கள் என்டதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. இந்தக் கட்டுரை அந்த நாற்பது வருசத்தையும், அதுக்குக் கொஞ்சம் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்ததையும் பற்றியது.

கதை இரண்டு வாயுக்களில் தொடங்குகிறது. ஒன்று ஐதரசன் குளோரைட்டு, மற்றது அமோனியா. முன்னது அமில வாயு, பின்னது மூல வாயு. இரண்டும் தண்ணியைக் கண்டால் விடாது. ஒரு போத்தல் தண்ணீர், தன்னைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு கனவளவுள்ள வாயுவை உள்ளே இழுத்துக்கொள்ளும். 18ஆம் நூற்றாண்டில் இந்த வாயுக்களை ஒருத்தரும் ஒழுங்காகப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். அந்தக் காலத்தில் வாயுவைச் சேகரிக்கிற வழி, தண்ணீர் நிரப்பிய சாடியைத் தண்ணித் தொட்டியில் கவிழ்த்து, குமிழியாக உள்ளே விடுவது. அமோனியாவை அப்படிப் பிடிக்கப் போனால் சாடிக்குள் ஒன்றும் மிஞ்சாது. வாயு தொட்டித் தண்ணியோடேயே போய்விடும்.

ஜோசப் பிரீஸ்ட்லி தண்ணீருக்குப் பதில் இரசத்தை ஊற்றினார். இந்த வித்தையை அவருக்கு முன்னரும் கவென்டிஷ் கையாண்டிருக்கிறார். ஆனால் அதை வைத்து வரிசையாக வாயுக்களைப் பிடித்து வைத்தவர் பிரீஸ்ட்லிதான். 1770களின் தொடக்கத்தில் ஐதரசன் குளோரைட்டையும் அமோனியாவையும் தனித்தனியே பிடித்தார். முன்னதுக்கு அவர் வைத்த பெயர் கடலமிலக் காற்று, பின்னதுக்குக் காரக் காற்று. அடுத்து அவர் செய்தது எந்தப் பிள்ளையும் செய்து பார்க்க விரும்புகிற காரியம்: இரண்டையும் ஒன்றாக விட்டார். அமிலமும் காரமும் சேர்ந்தால் இரண்டுமில்லாத நடுநிலையான ஒரு காற்று வரும், ஒருவேளை நாங்கள் சுவாசிக்கிற சாதாரணக் காற்றே அதுதானோ என்ற எதிர்பார்ப்பு அவருக்கு இருந்தது. கிடைத்தது வெண்புகை. வாயு இரண்டும் மறைந்தன, இரசம் மேலே ஏறியது, கண்ணாடிச் சுவரில் வெள்ளையாய் ஒரு உப்பு ஒட்டிக்கொண்டது.

அந்த உப்பு புதிதொன்றுமில்லை. நவச்சாரம். எங்கட ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்களும் பொற்கொல்லர்களும் நெடுங்காலமாய் வைத்திருந்த சாமான். ஐரோப்பா அதைக் கனகாலம் எகிப்திலிருந்துதான் இறக்கியது. அங்கே ஒட்டகச் சாணத்தை எரித்த புகைக்கரியிலிருந்து அதை எடுத்தார்கள். சூடான பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தேய்த்தால் புகை கிளம்பும், உலோகம் பளிச்சென்று வரும், ஈயம் ஒட்டும். அதுக்குள்ளேயிருந்து வெளியே வருகிற அமில வாயுதான் உலோகத்தின் மேலிருக்கும் ஒட்சைட்டுப் படையைத் தின்கிறது என்டு ஈயம் பூசுகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் வேலை நடந்தது.

பள்ளி ஆய்வுகூடத்தில் இதன் இன்னொரு வடிவம் இருக்கு. நீளமான கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அமோனியாவில் தோய்த்த பஞ்சு, மற்ற முனையில் ஐதரோகுளோரிக்கமிலத்தில் தோய்த்த பஞ்சு. கொஞ்ச நேரத்தில் குழாய்க்குள் ஒரு வெள்ளை வளையம் வரும். அது நடுவில் வராது. அமிலப் பஞ்சுக்குக் கிட்டவாக வரும், ஏனென்டால் அமோனியாவின் மூலக்கூற்றுத் திணிவு 17, மற்றதன் திணிவு 36.5. இலேசானது கெதியா ஓடும். இந்த வேக வித்தியாசத்தை மறக்கவேண்டாம், பிறகு தேவைப்படும்.

பிரீஸ்ட்லி அரசியலிலும் சமயத்திலும் ஆட்சியாளருக்குப் பிடிக்காத பக்கம் நின்றவர். பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்ததற்காக 1791 யூலையில் பேர்மிங்காமில் கும்பல் ஒன்று அவருடைய வீட்டையும் ஆய்வுகூடத்தையும் கொளுத்தியது. அதே வருசம், கடலுக்கு அந்தப் பக்கம், நிக்கலா லெபிளாங் என்ற வைத்தியர் சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்குக் காப்புரிமம் எடுத்தார். இந்தக் கதையில் அமில வாயு ஆய்வுகூடத்தை விட்டு ஊருக்குள் வருவது லெபிளாங்கோடதான்.

சோடா என்றால் சோடியம் காபனேற்று. சவர்க்காரத்துக்கும் கண்ணாடிக்கும் துணிக்கும் அது வேணும். அதுவரை ஸ்பெயினின் கரையோரச் செடிகளையும் ஸ்கொட்லாந்தின் கடற்பாசியையும் எரித்த சாம்பலிலிருந்துதான் பெரும்பாலும் கிடைத்தது. லெபிளாங்கின் முறை இரண்டு படி. முதலில் உப்போடு சல்பூரிக்கமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் சோடியம் சல்பேற்று வரும். பிறகு அதை நிலக்கரியோடும் சுண்ணாம்புக்கல்லோடும் சேர்த்து உலையில் போட்டால் கரும்பாய் ஒரு கட்டி வரும். அதைத் தண்ணீரில் ஊறவிட்டுச் சோடாவை எடுக்கலாம். லெபிளாங்குக்குப் பணம் போட்ட ஓர்லியன்ஸ் கோமகனின் தலை 1793இல் போனது, தொழிற்சாலையை அரசு எடுத்துக்கொண்டது, அது திரும்பக் கிடைத்தபோது நடத்தக் காசில்லை. 1806இல் லெபிளாங் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவருடைய முறை மட்டும் பிழைத்தது.

இப்ப அந்த முதலாம் படியைத் திரும்பப் பாருங்கள். உப்பிலிருந்த சோடியத்தை எடுத்தாச்சு. குளோரீன் எங்கே? அது ஐதரசன் குளோரைட்டாகப் புகைபோக்கியால் போகிறது. கணக்குப் போட்டால், 106 கிலோ சோடாவுக்கு 73 கிலோ அமில வாயு. அதாவது ஒரு தொன் சோடா விற்பனைக்குப் போகும்போது முக்கால் தொன்னுக்குக் கொஞ்சம் குறைவான அமிலம் ஊருக்கு மேலே போகிறது. இது கசிவோ விபத்தோ இல்லை. சமன்பாடே அதுதான்.

இங்கிலாந்தில் 1820களில் உப்பு வரி நீங்கியதும் லெபிளாங் முறை அங்கே பெரிதாய் வளர்ந்தது. ஜேம்ஸ் மஸ்பிரட் 1823இல் லிவர்பூலில் தொடங்கினார். பிறகு சென் ஹெலன்ஸ், விட்னஸ், நியூகாசில், கிளாஸ்கோ. வேலிச் செடிகள் கருகின. மரங்கள் இலையுதிர்த்தன. யன்னல் பிடிகளும் பூட்டுகளும் துருப்பிடித்தன. ஈரமான நாளில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்டால் அந்த வாயுவுக்குத் தண்ணீர்மேல் அவ்வளவு ஆசை. காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மூடுபனியாய் நிலத்துக்கு இறங்கும். மஸ்பிரட்டுக்கு மேல் வழக்குக்கு மேல் வழக்கு வந்தது. அவர் இடம் மாறினார், அங்கேயும் வழக்கு வந்தது.

முதலாளிகள் கண்ட தீர்வு புகைபோக்கியை உயர்த்துவது. கிளாஸ்கோவில் டெனன்ட் கொம்பனி 1842இல் கட்டியது 435 அடி. உயரத்தில் விட்டால் ஐதாகிப் போய்விடும் என்பது வாதம். ஐதாகியதோ இல்லையோ, தூரத்துக்குப் போனது. முன்பு பக்கத்துக் காணிக்காரர் மட்டும் முறையிட்டார், இப்போது மூன்று மைல் தள்ளி இருப்பவரும் முறையிட்டார். ஆனால் அவர் யாருக்கு மேல் வழக்குப் போடுவது? ஒரு பட்டினத்தில் பத்துத் தொழிற்சாலை இருந்தால், தன்ர பயிரைக் கருக்கியது எந்தப் புகைபோக்கியின் வாயு என்டு எந்த விவசாயியும் நிரூபிக்க ஏலாது. உயரமான புகைபோக்கி வாயுவைக் கலைத்ததோடு பொறுப்பையும் சேர்த்துக் கலைத்துவிட்டது.

இத்தனைக்கும் தீர்வு ஏற்கெனவே கையில் இருந்தது. 1836இல், ஊஸ்டர்ஷயரிலுள்ள ஸ்டோக் பிரயர் என்ற இடத்தில் சோடா செய்த வில்லியம் கொசேஜ், பக்கத்தில் பாழாய்க் கிடந்த ஒரு காற்றாலைக் கோபுரத்தை எடுத்து, அதற்குள் சுள்ளியும் பற்றையும் நிரப்பி, மேலிருந்து தண்ணீரைச் சொட்டவிட்டு, வாயுவை அதற்குள்ளால் அனுப்பினார். அவ்வளவுதான். வாயு தண்ணீரில் கரைந்துபோனது. வெளியே வந்ததில் அமிலம் கிட்டத்தட்ட இல்லை.

இந்தக் கோபுரத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஒரு வாயுக் கலவையில் ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பதுக்கு இன்றைக்கும் உலகம் பூரா செய்கிற வேலை அடிப்படையில் இதுதான். அமில வாயு வேண்டாமென்றால் தண்ணீரில் அல்லது காரத்தில் கழுவு. மூல வாயு வேண்டாமென்றால் அமிலத்தில் கழுவு. மிச்ச வாயுக்கள், நைதரசன், ஒட்சிசன், காபனோரொட்சைட்டு எல்லாம், இரண்டையும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். அமோனியாவை உலர்த்த ஏன் செறிந்த சல்பூரிக்கமிலத்தைப் பாவிக்கக்கூடாது என்ற பரீட்சைக் கேள்வியும் இதே விசயம்தான். உலர்த்தப் போய் அமோனியாவையே விழுங்கிவிடும், அதனால் சுடுசுண்ணாம்பு. கொசேஜின் கெட்டித்தனம் இரசாயனத்தில் இல்லை, ஐதரசன் குளோரைட்டு தண்ணீரில் கரையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு தொட்டித் தண்ணீருக்கு மேலால் வாயுவை ஓடவிட்டால் மேல்பரப்பு மட்டும்தான் வேலை செய்யும். சுள்ளியின் ஒவ்வொரு குச்சியிலும் மெல்லிய படலமாய்த் தண்ணீர் இறங்கினால் ஒரு சிறிய கோபுரத்துக்குள் பெரிய குளத்தின் பரப்புக் கிடைக்கும். பிறகு வந்தவர்கள் சுள்ளியை எடுத்துவிட்டுக் கற்கரி போட்டார்கள், அமிலத்தில் அது உக்காது. வாயு கீழிருந்தும் தண்ணீர் மேலிருந்தும் எதிரெதிராய்ப் போனால் இன்னும் நல்லது. அநேகமாய்ச் சுத்தமாகிவிட்ட வாயு, உச்சியில் ஒன்றுமே கரையாத புதுத் தண்ணீரைச் சந்திக்கும், கடைசி மிச்சமும் அங்கே பிடிபடும். லெபிளாங்குக்குச் சிலை இருக்கு. எங்களைக் கேட்டால் இந்தச் சுள்ளிக் கோபுரம்தான் பெரிய விசயம்.

ஆனால் 1836இல் கிடைத்த தீர்வை எல்லோரும் பாவிக்க 27 வருசம் எடுத்தது. ஏனென்றால் கோபுரம் கட்டக் காசு வேணும், பிடித்த அமிலத்தை வாங்க ஆளில்லை. விட்டால் இலவசம், பிடித்தால் செலவு.

1862இல் டேர்பி பிரபு இதைப் பிரபுக்கள் சபைக்குக் கொண்டுபோனார். முன்னாள் பிரதமர், கொன்சவேட்டிவ் கட்சித் தலைவர், சென் ஹெலன்ஸுக்குப் பக்கத்தில் பெரும் காணிக்குச் சொந்தக்காரர். நச்சு வாயுக்கள் பற்றிய விசாரணைக் குழு அமைந்தது. 1863இல் காரத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. சட்டத்தின் மையம் ஒற்றை எண்: உண்டாகும் ஐதரசன் குளோரைட்டில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கவேணும். அதைப் பார்க்க ஒரு பரிசோதகரும் நாலு உதவிப் பரிசோதகர்களும். தலைமைப் பரிசோதகர் ரொபட் அங்கஸ் ஸ்மித் ஒரு இரசாயனவியலாளர். அமில மழை என்ற சொல்லை 1872இல் வந்த தன் நூலில் எழுதியவரும் அவர்தான். ஒரு அரசாங்கம் இரசாயனம் படித்த ஆளைத் தனியார் தொழிற்சாலைக்குள் அனுப்பி, புகைபோக்கிக்குள் குழாய் விட்டு அளக்கச் சொன்ன முதற் சந்தர்ப்பங்களில் இது ஒன்று. சந்தைக்குள் அரசு கைவைக்கக்கூடாது என்ற கொள்கை உச்சத்திலிருந்த காலத்தில், அதுவும் ஒரு கொன்சவேட்டிவ் பிரபுவின் முயற்சியில் இது நடந்தது. காணி என்டு வந்தால் கொள்கை கொஞ்சம் வளையும்.

சட்டம் வேலை செய்தது. முதல் வருசத்திலேயே தொழிற்சாலைகள் 95ஐ இலகுவாகத் தாண்டின. அங்கஸ் ஸ்மித் வழக்குப் போடுவதை விட முதலாளிக்குப் பக்கத்தில் நின்று கோபுரத்தைத் திருத்திக் காட்டுவதையே விரும்பினார். இவர் முதலாளிகளுக்கு நண்பரா, ஊருக்கு நண்பரா என்ற விமர்சனம் அப்போதே இருந்தது. எங்களுக்கும் அந்தச் சந்தேகம் முழுசாய்ப் போகேல்லை. ஆனால் வழக்கும் நட்டஈடும் கனகாலமாய்ச் செய்ய முடியாததை அவருடைய முறை சில மாதத்தில் செய்தது என்பதையும் சொல்லத்தான் வேணும்.

சிக்கல் சதவீதத்தில் இருந்தது. ஒரு தொழிற்சாலை 95 பிடித்து 5 விடலாம். பத்துத் தொழிற்சாலை வந்தால் பத்துத் தரம் 5. ஒவ்வொருத்தரும் சட்டத்துக்குள் நிற்க, ஊருக்கு மேலே புகை திரும்பவும் கூடியது. 1874இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: வெளியே விடும் ஒரு கன அடி வாயுவில் 0.2 கிரேயினுக்கு மேல் அமிலம் இருக்கக்கூடாது. எவ்வளவு பிடித்தாய் என்பதை விட்டு, எவ்வளவு விடுகிறாய் என்டு கேட்கத் தொடங்கினார்கள். இன்றைக்கும் ஏதாவது ஒரு கொம்பனி "இத்தனை வீதம் குறைத்துவிட்டோம்" என்டு விளம்பரம் போடும்போது எங்களுக்கு இந்தப் பதினொரு வருசம் நினைவுக்கு வரும்.

இதை விடப் பெரிய சிக்கல் தண்ணீரில் இருந்தது. கோபுரம் அமிலத்தை அழிக்கவில்லை, வாயுவிலிருந்து தண்ணீருக்கு மாற்றியது. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? ஓடைக்கு. சென் ஹெலன்ஸின் சாங்கி ஓடை அமிலமாய் ஓடியது. அதோடு லெபிளாங் முறைக்கு இன்னொரு கழிவும் இருந்தது: கல்சியம் சல்பைட்டு நிறைந்த, சேறு மாதிரியான சாமான். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் மலையாய்க் குவித்து வைத்திருந்தார்கள். ஓடும் அமிலம் அந்தக் குவியலைத் தொட்டால் ஐதரசன் சல்பைட்டு கிளம்பும். அழுகின முட்டை மணம், அளவு கூடினால் ஆளைக் கொல்லும். ஒரு அமில வாயுவைப் பிடித்துத் தண்ணீரில் விட்டு, அந்தத் தண்ணீர் போய் இன்னொரு அமில வாயுவைக் கிளப்பியது. 1863ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆற்றைப் பற்றி ஒரு கட்டுப்பாடும் இல்லை. அது காற்றின் சட்டம்.

தொழிலாளரைப் பற்றியும் அதில் ஒன்றும் இல்லை. உப்பையும் அமிலத்தையும் சட்டியில் கிளறுகிறவர் மூடியைத் திறக்கும்போது வரும் வாயு எந்தப் புகைபோக்கிக்கும் போகாது, அவருடைய வாய்க்குத்தான் போகும். அங்கே எச்சிலில் கரைந்து பல்லைத் தின்னும். அந்த வேலையில் கொஞ்சக் காலம் நின்றவர்களின் பற்கள் கறுத்துக் கரைந்துபோயின. வெளிற்றும் தூளைப் பெட்டியில் அடைக்கிறவர்கள் குளோரீனுக்குள் நின்று வேலை செய்தார்கள். அவர்களுக்கு இருந்த பாதுகாப்பு வாயிலும் மூக்கிலும் பல மடிப்பாகச் சுற்றிக் கட்டிய பிளனல் துணி. ரொபட் ஷெராட் என்ற பத்திரிகையாளர் 1890களில் விட்னஸுக்கும் சென் ஹெலன்ஸுக்கும் போய் இந்த ஆக்களைப் பற்றி எழுதினார். சட்டம் வந்து முப்பது வருசத்துக்குப் பிறகும் எழுத அவ்வளவு இருந்தது. மரத்துக்காகப் பேசப் பிரபு இருந்தார். பல்லுக்காகப் பேசச் சபையில் ஆள் இல்லை.

அமிலத்தை ஆற்றிலிருந்து மெல்ல மெல்ல மீட்டது சந்தைதான். ஹென்றி டீக்கன் 1868 அளவில், ஐதரசன் குளோரைட்டையும் காற்றையும் செப்புக் குளோரைட்டு ஊக்கிக்கு மேலால் அனுப்பிக் குளோரீன் எடுத்தார். அந்தக் குளோரீனை நீற்றிய சுண்ணாம்புக்குள் விட்டால் வெளிற்றும் தூள். துணி ஆலைகளும் கடதாசி ஆலைகளும் அதுக்கு வரிசையில் நின்றன. நேற்றுவரை கழிவாயிருந்தது இன்றைக்கு விலைப்பொருள். சட்டம் வற்புறுத்திப் பிடிக்க வைத்ததை வைத்துத்தான் அந்த முதலாளிகள் அடுத்த இருபது வருசம் பிழைத்தார்கள். ஏனென்டால் அதுக்குள்ள சோடாவில் அவர்களை அடிக்க ஒருத்தர் வந்துவிட்டார்.

அவர் ஏர்னஸ்ட் சொல்வே. அவரிடம் போக முதல், 1862இல் நடந்த ஒரு சின்னப் பரிசோதனையைச் சொல்லாமல் விட மனமில்லை. நவச்சாரத்தைச் சூடாக்கினால் உருகாமல் நேரே ஆவியாகும், குளிர்ந்தால் திரும்ப நவச்சாரமாகும். ஆனால் அந்த ஆவியின் அடர்த்தியை அளந்தவர்களுக்குக் கிடைத்தது எதிர்பார்த்ததில் ஏறத்தாழ அரைவாசி. அப்படியென்றால் அவகாதரோ சொன்னது பிழையா? ஆவியில் அமோனியாவும் ஐதரசன் குளோரைட்டும் பிரிந்து இரண்டு துணிக்கைகளாய் நிற்கின்றன, குளிர்ந்ததும் சேர்கின்றன, அதனால்தான் பாதி என்டு சிலர் சொன்னார்கள். யார் பார்த்தது? லெயோபோல்ட் பொன் பெபால் பார்க்க ஒரு வழி கண்டார். சூடான ஆவியை ஒரு நுண்துளை அடைப்புக்கு ஒரு பக்கம் வைத்து, இரண்டு பக்கமும் ஐதரசன் ஓடவிட்டு, இரண்டு பக்கத்திலும் பாசிச்சாயத்தாள் வைத்தார். அடைப்பைத் தாண்டிய பக்கம் தாள் நீலமானது, தங்கிய பக்கம் சிவந்தது. இலேசான அமோனியா கெதியா ஊடுருவி முன்னால் போய்விட்டது, அமிலம் பின்தங்கியது. பள்ளிக் குழாயில் வளையத்தை ஒரு பக்கம் தள்ளுகிற அதே வேக வித்தியாசம், இங்கே சேர்ந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. கூட்டற்பிரிகை என்டு நாங்கள் படித்த பாடத்துக்கு இது ஒரு பெரிய சாட்சி. சேர்வது எவ்வளவு இலேசோ, சூடு கொடுத்தால் பிரிவதும் அவ்வளவு இலேசு. சொல்வே இந்த இலேசைத்தான் தொழிலாக்கினார்.

சொல்வே பெல்ஜியக்காரர், 1838இல் பிறந்தவர். பல்கலைக்கழகம் போகவில்லை. மாமா ஒருவர் நடத்திய வாயு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். வாயு ஆலை என்றால் நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கித் தெருவிளக்குக்கு வாயு எடுக்குமிடம். கொழும்பு புறக்கோட்டையில் கேஸ் வேர்க்ஸ் வீதி என்டு ஒன்று இருக்குதே, அந்தப் பெயருக்குப் பின்னாலிருப்பதும் அப்படியொரு ஆலைதான். நிலக்கரி வாயுவில் அமில வாயுக்களும் உண்டு, மூல வாயுவும் உண்டு: காபனீரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு, அமோனியா. தண்ணீரில் கழுவி அமோனியாவை எடுப்பார்கள், சுண்ணாம்புக்குள்ளால் விட்டு மற்ற இரண்டையும் எடுப்பார்கள். பாவித்து முடிந்த சுண்ணாம்பு நாறும், அது வேறு தொல்லை. கழுவிய தண்ணீரில் அமோனியாவும் காபனீரொட்சைட்டும் சேர்ந்தே கிடக்கும். அந்த நாற்றத் தண்ணீரோடு மினக்கெட்டுக்கொண்டிருந்த சொல்வே, அதிலிருந்து வரும் வாயுக்களை உப்புக் கரைசலுக்குள் விட்டுப் பார்த்தபோது வெள்ளையாய் ஒன்று படிந்தது. சோடியம் இருகாபனேற்று. எங்கட அப்பச்சோடா. 1861இல் காப்புரிமம் எடுத்தார்.

இந்தத் தாக்கத்தை முதலில் கண்டவர் அவரில்லை. பிரெனல் 1811இலேயே கண்டிருந்தார். மஸ்பிரட் உட்படப் பலர் அதைத் தொழிலாக்கப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அவர்களைத் தோற்கடித்தது அமோனியாவின் விலை. அது கொஞ்சம் கொஞ்சமாய்க் கசிந்து போனால் சோடா விற்ற காசு அதுக்கே போதாது. சொல்வேயின் சாதனை கசியாத கோபுரம்தான்.

இங்கேதான் அந்தப் பரீட்சைக் கேள்வி வருகிறது. காபனீரொட்சைட்டு உப்புத் தண்ணீரில் சும்மா கரையாது, அதுவொரு மென்மையான அமில வாயு. அமோனியா ஆசையாய்க் கரையும், கரைந்து கரைசலை மூலமாக்கும். மூலமாகிய கரைசல் காபனீரொட்சைட்டை இழுக்கும். ஒரு மூல வாயுவைத் தூண்டிலாய்ப் போட்டு ஒரு அமில வாயுவைப் பிடிப்பது. வேலை முடிந்ததும் அமோனியா அமோனியம் குளோரைட்டாய்க் கரைசலில் கிடக்கும், அதாவது பிரீஸ்ட்லியின் வெள்ளை உப்பு, நவச்சாரம். அதோடு சுண்ணாம்பைச் சேர்த்துச் சூடாக்கினால் அமோனியா வாயுவாய் வெளியே வந்து திரும்பவும் கோபுரத்தின் உச்சிக்குப் போகும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டபோது வந்த காபனீரொட்சைட்டு கோபுரத்தின் அடிக்குப் போகும். சல்பூரிக்கமிலம் இல்லை, புகைபோக்கியால் அமிலம் இல்லை, நாறும் குவியல் இல்லை. 1873இல் லுட்விக் மொண்டும் ஜோன் பிரனரும் உரிமம் வாங்கி இங்கிலாந்தின் வின்னிங்டனில் தொடங்கினார்கள். சோடா விலை விழுந்தது. லெபிளாங் முதலாளிகள் 1890இல் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரே கொம்பனியாகி, குளோரீனை நம்பிக் கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு உப்புக் கரைசலுக்குள் மின்னை விட்டு எரிசோடாவையும் குளோரீனையும் நேரே எடுக்கும் முறை வந்து அதையும் பறித்தது. ஆனையிறவு உப்பை வைத்துப் பரந்தன் தொழிற்சாலை செய்ததும் அந்த வேலைதான். போர் அதை என்ன செய்தது என்பது தனியாய் எழுதவேண்டிய கதை.

சொல்வே முறையைச் சுத்தமான முறை என்டு பாடப்புத்தகம் சொல்கிறது. லெபிளாங்கோடு ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் உப்பில் இருக்கும் குளோரீன் இங்கேயும் எங்கேயோ போகவேணும். அது கல்சியம் குளோரைட்டாய்ப் போகிறது. நாலு சமன்பாட்டையும் கூட்டிப் பார்த்தால், 106 கிலோ சோடாவுக்கு 111 கிலோ கல்சியம் குளோரைட்டு. நஞ்சு இல்லை, மணம் இல்லை, வாங்க ஆளும் போதாது.

அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகருக்குப் பக்கத்தில், ஒனன்டாகா ஏரிக்கரையில், 1884இல் சொல்வே முறைத் தொழிற்சாலை ஒன்று சோடா செய்யத் தொடங்கியது. பக்கத்தில் உப்பு ஊற்றும் சுண்ணாம்புக்கல்லும் இருந்தன. அந்த ஏரி ஒனன்டாகா மக்களுக்குப் புனிதமானது. தொழிற்சாலை நூறு வருசம் ஓடியது. கல்சியம் குளோரைட்டும் மிச்சச் சுண்ணாம்பும் ஏரிக்கரையில் வெள்ளைப் படுக்கைகளாய்க் கொட்டப்பட்டன, கரைந்ததெல்லாம் ஏரிக்குள் போனது. 1940இல் அங்கே நீந்தத் தடை வந்தது, நகரத்தின் மலக்கழிவும் அதில் சேர்ந்திருந்தது. 1970இல் மீன்பிடிக்கத் தடை வந்தது. அதுக்குக் காரணம் இரசம். பிரீஸ்ட்லி வாயு பிடித்த அதே இரசம், இங்கே உப்பிலிருந்து குளோரீன் எடுக்கும் மின்கலங்களிலிருந்து ஏரிக்குப் போயிருந்தது. தொழிற்சாலை 1986இல் மூடப்பட்டது. வெள்ளைப் படுக்கைகள் ஏரியின் மேற்குக் கரையில் இன்னும் கிடக்கின்றன, சிலவற்றின் மேல் மரம் நட்டிருக்கிறார்கள்.